போணிக் கம்பளி

நீலமேட்டு ஏரிக்கரைக் குதிரை ஸ்டாண்டில் பதினாறு குதிரைகளும் பதினாறு குதிரைக்காரர்களும் ஒரு சங்கமும் ஒரு தகரப் பலகையும் ஒரு வழக்கமும் இருந்தன; பலகையில் எழுத்தெல்லாம் உதிர்ந்து சங்கத்தின் பெயர் என்னவென்று சங்கத்துக்காரர்களுக்கே மறந்துபோன பிறகும் வழக்கம் மட்டும் ஒரு நாள் தப்பாமல் நடந்துவந்தது. காலையில் எந்தக் குதிரை முதல் சவாரி போகிறதோ, அது ஏரியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியதும், அதன் சேணத்தைத் தளர்த்தி, அடியில் வியர்வையில் ஊறி ஆவி பறக்கும் கம்பளியை உருவி, வரிசையில் நிற்கிற மற்றப் பதினைந்து முதுகுகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒன்றிலிருந்து பத்து எண்ணி எடுக்க வேண்டும். போணிச் சூடு ஆறுவதற்குள் எல்லா முதுகையும் தொட்டுவிட்டால் அன்றைக்கு எந்தக் குதிரையும் சும்மா நின்று கொள்ளு தின்னாது. சூடான முதுகில் ஏரிக்காற்று படக்கூடாது என்று கம்பளியை உருவுகிற வேகத்திலேயே காய்ந்த சாக்கு ஒன்றைச் செருகிவிடுவார்கள். போணிக் குதிரையின் வெறும் முதுகைப் பார்ப்பது மரியாதையும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கேலி செய்ததுண்டு, ஆனால் பக்கத்து ஊரில் ஏரி இல்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினாறில் ரோசி என்கிற வெள்ளைப் பெட்டைக்குதிரைதான் பெரும்பாலும் போணி. குழந்தைகளுக்கு வெள்ளை நிறம் பிடித்தது, தாய்மார்களுக்கு அது தலையைத் தாழ்த்தி நிற்கிற பணிவு பிடித்தது, பதினோரு வருஷமாக வாரத்தில் ஐந்து நாளாவது ரோசியின் பச்சைக் கம்பளிதான் வரிசை முழுக்கப் போய்வந்தது. ரோசியின் சொந்தக்காரன் இருதயராஜ் அதிகம் பேசாதவன், குடிக்காதவன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறவன். கம்பளியை இரண்டு கையிலும் ஏந்தி வரிசையில் நடக்கும்போது மட்டும் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்ந்த நெஞ்சுதான் அவனைக் கெடுத்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் பத்தொன்பது நாள் விடாத மழை, துணி காயவில்லை, விறகு காயவில்லை, குதிரைக் கம்பளி காயவே இல்லை. இருபதாம் நாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் ரோசிக்கு முதுகு தேய்த்துவிடும்போது இருதயராஜின் விரலோடு ஒரு கொத்து முடி வந்தது. முடி வந்த இடத்தில் பொட்டு அளவில் வட்டமாக ஒரு தோல், அதைச் சுற்றிப் பொடுகு, நடுவில் நீர் கோத்த சிவப்பு. சேணம் உட்காருகிற இடத்திலேயே அப்படி நாலு வட்டம் இருந்தன. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொருத்தர் குதிரைக்கு இதே படை வந்தபோது மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவன் காதுபடத்தான் சொன்னார்: இரண்டு மாதம் சேணம் கூடாது, துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடணும், ஒரு குதிரைத் துணி இன்னொரு குதிரை மேல் படவே கூடாது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வழியே இல்லாமல் போனது இப்படித்தான்.

வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினான், மறுநாள் காலை அதன் மேலேயே சேணத்தை வைத்தான். இன்றைக்குப் போணி வேறு எந்தக் குதிரைக்காவது விழட்டும் என்று வேண்டிக்கொண்டான். வேண்டுதல் ஏரி வரைக்கும் கூட எட்டவில்லை. திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நேராக வந்து ரோசியின் முன்னால்தான் நின்றது. சுற்று முடிந்து வந்து கம்பளியை உருவியபோது பதினைந்து பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று சொல்ல வேண்டும், சொன்னால் ரோசியைப் போணிக் குதிரை என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள். போட்டான். முதல் குதிரை மேல் போடும்போது கை நடுங்கியது, இரண்டாவதுக்கும் நடுங்கியது, ஐந்தாவது குதிரைக்கு வரும்போது நடுக்கம் நின்றுபோயிருந்தது. கை நடுங்கியதை விட அது நின்றதை நினைத்துத்தான் பிற்பாடு அவன் அதிகம் கூசினான்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் அடிவாரத்திலிருந்து ஜைத்தூன் வந்தாள். அவள் புருஷன் காஜா அங்கே குதிரை வண்டி ஓட்டியவன், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். வண்டியை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் மலையேறினாள். சுல்தான் என்று பெயர், நெற்றியிலிருந்து வால் வரைக்கும் ஒரே கறுப்பு. ஏரிக்கரையில் பெண் ஒருத்தி குதிரை பிடித்து நிற்பது அதுதான் முதல் தடவை, அதைக்கூட ஸ்டாண்டு பொறுத்துக்கொண்டது. முதல் நாள் காலையில் பச்சைக் கம்பளி அவள் பக்கம் வந்தபோது அவள் குறுக்கே கை நீட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"வேணாம்ணே. என் குதிரைக்கு அதோட துணியே போதும். அடுத்த குதிரை வேர்வை இதுக்குச் சேராது."

மறுநாள் பனிமூட்டம் இறங்கியது, மூன்று நாள் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, ஒரு சவாரியும் இல்லை. மலையில் கார்த்திகையில் மூட்டம் இறங்காமல் வேறென்ன இறங்கும்? ஆனாலும் பதினாறு பேரும் கறுப்புக் குதிரையைத்தான் பார்த்தார்கள். சங்கத் தலைவர் வெள்ளைச்சாமி, மீசையைத் தடவிக்கொண்டே பேசுகிறவர், இருதயராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராசு, நீ சொன்னா அந்தப் புள்ள கேக்கும். உன்மேல அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. போய்ச் சொல்லு."

வேண்டாம் என்று சொல்ல அது ஒரு நல்ல சந்தர்ப்பம். கர்த்தரே தட்டில் வைத்து நீட்டிய சந்தர்ப்பம். இருதயராஜ் போனான்.

"தங்கச்சி, ஊரோட ஒத்துப் போகணும்மா. என் கம்பளிதானே. என் கையால போடறேன். ஒண்ணும் ஆகாது."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிண்ணே," என்று ஒதுங்கி நின்றாள். அவன் போட்டான், பத்து வரைக்கும் எண்ணினான், சுல்தான் தோலைச் சிலிர்த்துக்கொண்டது.

மார்கழி முடிவதற்குள் பதினேழு முதுகிலும் படை. முடி கொட்டி, வட்டத்தோடு வட்டம் சேர்ந்து, சேணம் உரசி, சீழ் வைத்து, ஈ மொய்த்தது. தையில் சங்கம் கூடியது, ஒவ்வொரு குதிரையாகச் சேணத்தை இறக்கிப் பார்த்தார்கள், ரோசியை மட்டும் போணிக் குதிரை என்று விட்டுவிட்டார்கள். சுல்தானின் புண்தான் எல்லாவற்றிலும் புதுசு, அதனால் பச்சைச் சிவப்பாக இருந்தது. கடைசியாக வந்த புண் எப்படி முதல் புண்ணாக இருக்கும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. வெள்ளைச்சாமி குனிந்து பார்த்துவிட்டு, "இதுதான் மூலம்," என்றார்.

"வர்றப்போ என் குதிரை முதுகு கண்ணாடி மாதிரி இருந்துச்சு," என்றாள் ஜைத்தூன். "ராஜண்ணனுக்குத் தெரியும். கம்பளி போடறப்போ அவருதான் தொட்டுப் பாத்தாரு. கேளுங்க."

எல்லாரும் இருதயராஜின் பக்கம் திரும்பினார்கள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "புதுசா வந்த குதிரை அதுதானே," என்றான்.

பொய் என்று கூடச் சொல்ல முடியாது. புதுசாக வந்த குதிரை அதுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்குப் பழி பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போயிற்று, பாவம் மட்டும் ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டது. புண்ணில் காற்றுப் படட்டும் என்று ஜைத்தூன் சேணத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, சுல்தானை வெறும் முதுகோடு நடத்திக்கொண்டு போனாள். இருதயராஜ் டீக்கடைக்குள் நின்று பார்த்தான், வெளியே வரவில்லை.

மறுநாள் காலை வெள்ளைச்சாமி தன் குதிரை மேல் கம்பளியைப் போட்டு, சேணத்தை வைத்து, வாரை இழுத்துக் கட்டி, நிமிர்ந்து பார்த்தார். குதிரையின் முதுகுப் புண் முழுசாகத் தெரிந்தது. கம்பளி விழுந்துவிட்டதோ என்று கையை வைத்தார், கம்பளி கைக்கு இருந்தது, கண்ணுக்கு இல்லை. சேணமும் அப்படியே. தட்டினால் தோல் சத்தம் கேட்டது, பார்த்தால் காற்று. கண்ணைக் கசக்கிவிட்டு வேறு கம்பளி போட்டார், அதன் மேல் கோணிச்சாக்கு போட்டார், அதன் மேல் சங்கத்துக் கூட்டத்துக்கு விரிக்கிற ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டார். நாலு மடிப்புக்கும் கீழே புண், ஈ உட்கார்ந்திருப்பது உட்பட, தெளிந்த ஓடையில் கூழாங்கல் தெரிவது போலத் தெரிந்தது. வரிசையில் மற்றவர்களும் இதே வேலையில்தான் இருந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தர் மட்டும், "பழைய கம்பளி, நைஞ்சுபோச்சு," என்று பொதுவாகச் சொன்னார், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

பகலில் கோயமுத்தூர்ப் புது மாப்பிள்ளை ஒருவர் அந்தக் குதிரைகளில் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் அவரும் காணாமல் போனார். பெண்டாட்டி எடுத்த போட்டோவில் அரை மாப்பிள்ளை அந்தரத்தில் சிரித்துக்கொண்டிருக்க, கீழே சீழ் கட்டிய முதுகு இருந்தது. அவள் கொஞ்ச நேரம் போனைப் பார்த்தாள். "வெளிச்சம் சரியில்லைங்க," என்று கிட்டே போய் முகத்தை மட்டும் எடுத்தாள். அது நன்றாக வந்தது.

அந்தப் பெண்தான் ஊருக்கு வழி காட்டியது. ஒரு வாரத்துக்குள் ஏரிக்கரைப் போட்டோக்காரர்கள் எல்லாரும் கழுத்துக்கு மேலேதான் எடுத்தார்கள். தையல்காரர்கள் குதிரை நெற்றிக்குக் குஞ்சம் தைத்தார்கள், பூக்காரிகள் குதிரைக் கழுத்துக்கென்று தனியாக மாலை கட்டினார்கள், ஒருவர் கடிவாளத்துக்குச் சலங்கை கொண்டுவந்தார். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, தூரத்தில் நின்று, 'ஏரி நீரின் பிரதிபலிப்பால் ஏற்படும் ஒளிக்குறை' என்று எழுதிக்கொண்டு போனார், பத்தாம் நாள் ஒரு புதுப் பலகை நட்டார்கள்: 'குதிரைகளின் அழகிய முகத்தைக் கண்டு களிக்கவும்.' கீழே பார்க்கிற குழந்தைகளின் முகவாயை அம்மாக்கள் பிடித்து மேலே தூக்கினார்கள். குதிரை சவாரி செய்கிற மரியாதை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமே நடந்தது. பங்குனி வருவதற்குள் நீலமேட்டுக்காரர்களுக்கு அது பழகிப்போய், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதும் கழுத்துக்கு மேலே என்றாகிவிட்டது. பால்காரர் ஒரு மாதமாக நொண்டி நடப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம் என்று சொல்வார்கள். நீலமேட்டில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே அதைச் செய்து முடித்தார்கள்.

இதில் ஒரே ஒரு குதிரைக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. ரோசியின் பச்சைக் கம்பளி பச்சையாகவே இருந்தது, சேணம் சேணமாக இருந்தது, ஏறி உட்கார்ந்தவர்கள் முழுசாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் நாள் இருதயராஜுக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள் வெள்ளைச்சாமி எல்லார் முன்னாலும் அவன் தோளில் கை வைத்து, "சுத்தமானவன் குதிரை சுத்தமா இருக்கு, இதுல என்ன அதிசயம்," என்று சொன்னபோது அவன் அந்தக் கையிலிருந்து தோளை விலக்கிக்கொண்டான். ரோசிக்கு முன்னால் வரிசை நின்றது. வெளியூர்க்காரர்கள் முழுக் குதிரையோடு முழு ஆளாகப் போட்டோ எடுக்க அங்கேதான் வந்தார்கள். ஒரு நாளைக்கு நாலு சுற்றுப் போன குதிரை பதினாலு சுற்றுப் போனது. மற்றக் குதிரைக்காரர்கள் புண் வெளியே தெரிகிற வெட்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மருந்தாவது தடவினார்கள், காற்றாவது கொஞ்சம் பட்டது; ரோசியின் முதுகு மட்டும் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் கம்பளிக்கு அடியில் வெந்துகொண்டிருந்தது. மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் சுத்தமான குதிரைக்கு எதற்கு மருந்து என்று கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறும் பிறகு இறங்குவதில்லை.

அவன் மனைவி சலேத்மேரிதான் கம்பளியைத் துவைக்கிறவள்.

"கம்பளி நாறுது," என்றாள் ஒரு நாள்.

"மழை வாடை."

"மழை நின்னு நாலு மாசமாச்சு."

அவள் கம்பளியை முறுக்கிப் பிழிந்துகொண்டே, "அந்தப் பொண்ணு போனப்போ நானும் சன்னல் வழியாத்தான் பாத்தேன்," என்றாள். "தலையில சேணம். எனக்கும் சேத்துத்தான் வெக்கமா இருக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு?"

"சீசன் முடியட்டும்," என்றான். சீசன் இன்னும் தொடங்கவே இல்லை.

பெரிய வியாழன் வந்தது. பன்னிரண்டு பேரின் காலைச் சாமியார் கழுவுகிற சடங்குக்கு, ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்களாகப் பொறுக்கியதில், இருதயராஜும் ஒருத்தன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். வயசான சாமியார் முட்டி வலியோடு மண்டியிட்டு, அவன் பாதத்தைக் கையில் ஏந்தி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அவனுக்கு அந்தக் காலை வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது. இவ்வளவு வெட்கத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடிகிறது என்று யோசித்தான், உட்கார்ந்துதான் இருந்தான். நிமிர்ந்த சாமியாரும் ஊர் வழக்கப்படி அவன் முகத்தை மட்டும் பார்த்து, "நல்ல முகம்," என்றார்.

சித்திரை முதல் வாரம் வெள்ளைச்சாமியின் மச்சான் கீழேயிருந்து மூன்று புதுக் குதிரைகளைச் சீசனுக்கென்று லாரியில் ஏற்றிவந்தான். மூன்றும் இளசு, மூன்றுக்கும் முதுகில் எண்ணெய் தடவினது போல முடி படிந்திருந்தது. ஸ்டாண்டே எழுந்து நின்றது. புண் வந்ததிலிருந்து நின்றுபோயிருந்த வழக்கத்தை அன்றைக்கு மறுபடி தொடங்குவது என்று முடிவானது. சுத்தமான குதிரை ஒன்றுதான் இருக்கிறது, சுத்தமான கம்பளி ஒன்றுதான் இருக்கிறது, அதை இந்த மூன்று முதுகிலும் போட்டால் மூன்றும் ரோசியைப் போல இருக்கும் என்றார் வெள்ளைச்சாமி.

ரோசி முதல் சுற்று முடித்து வந்தது. இருதயராஜ் கம்பளியை உருவி, சாக்கைச் செருகி, வழக்கம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். முதல் குதிரை ஒரு சிவலை. அவனைப் பார்த்துக் காதை முன்னால் விட்டது, எதுவும் தெரியாமல் முகத்தை நீட்டிக் கம்பளியை மோந்தது, மூக்கைச் சுருக்கி ஓரடி பின்வாங்கியது. "ஒண்ணும் ஆகாது," என்று அதனிடம் சொல்ல வாயெடுத்தான். அந்த இரண்டு வார்த்தையை முன்பு யாரிடம் சொன்னோம் என்பது வாய்க்குள் இருக்கும்போதே நினைவுக்கு வந்துவிட்டது.

கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். ரோசியின் வாரை அவிழ்த்தான், சேணத்தை இறக்கித் தரையில் வைத்தான், சாக்கை இழுத்துப் போட்டான். சாக்கோடு கொஞ்சம் தோலும் வந்தது. கழுத்து முடியும் இடத்திலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் வெள்ளை என்பதே இல்லை. சிவப்பும் மஞ்சளும் கறுத்த பொருக்குமாக அது முதுகு என்று சொல்லத்தக்கதாகவே இல்லை.

"பாருங்க," என்றான். "ஐப்பசியிலருந்து இப்படித்தான். எல்லாருக்கும் என் குதிரையிலருந்துதான் வந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். ஜைத்தூனு மேல தப்பு இல்ல."

ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ரோசியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நல்ல கண்ணு ராசு, ரோசிக்கு," என்றார் வெள்ளைச்சாமி.

"முதுகைப் பாருங்கண்ணே."

"காலங்காத்தால என்ன பேச்சு இது. உடம்பு சரியில்லையா? போய்ப் படு." அவருடைய பார்வை குதிரையின் நெற்றிக் குஞ்சத்தை விட்டு ஓர் அங்குலம் இறங்கவில்லை. இறக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, பழகின கழுத்து அப்படி. இருதயராஜ் ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வந்தார்கள், நின்றார்கள், ரோசியின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்து மாதமாக மறைத்த ஒன்றை இனி காட்டவே முடியாது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

வெறும் முதுகோடு ரோசியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தான். எல்லாரும் ரோசியின் முகத்துக்கு வணக்கம் சொன்னார்கள், ஒரு பூக்காரி கழுத்தில் மாலை போட்டாள். பதினாலு வளைவும் இறங்கினான், வளைவுக்கு ஒரு தடவை நின்று குதிரைக்குத் தண்ணீர் காட்டினான், அடிவாரத்துக் கொய்யாத் தோப்புகளுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

ஜைத்தூன் தோப்பில் கொய்யாப் பழத்தைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மரத்தடியில் சுல்தான் நின்றது. புண் ஆறியிருந்தது, ஆறின இடத்தில் முளைத்த முடி கறுப்பாக முளைக்கவில்லை, கறுத்த முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இத்தனை மாதமும் அவள் அதன் மேல் எதையும் போடவில்லை, கூடைகளைத் தானே சுமந்திருந்தாள்.

"வாங்கண்ணே," என்று எழுந்தாள். அப்புறம் அவள் கண் அவனைத் தாண்டி, குதிரையின் முகத்தைத் தாண்டி, முதுகில் போய் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. ஒருத்தர் பார்ப்பதைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று. இருதயராஜுக்கு அழுகை முட்டியது, ஆனால் அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டான்.

"எப்பலருந்து?"

"ஐப்பசி."

"நான் வந்தது கார்த்திகை."

"ஆமா."

"அப்ப தெரிஞ்சேதான் தங்கச்சின்னு கூப்பிட்டீங்க."

"ஆமா."

அவள் கூடையை ஓரமாக நகர்த்தினாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள், வேப்பிலையைக் கசக்கிப் போட்டாள், துணியை நனைத்து ரோசியின் முதுகுப் பொருக்கை ஓரத்திலிருந்து ஊறவைக்கத் தொடங்கினாள். ரோசி உடம்பெல்லாம் உதறியது, பிறகு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது.

"மேல வந்துரு தங்கச்சி," என்றான் அவன். "நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். காட்டவும் காட்டினேன். யாரும் பாக்கல."

"தங்கச்சிங்கிற சொல்ல இனிமே சொல்லாதீங்க," என்றாள் அவள், கோபமில்லாமல். "குதிரை இங்க இருக்கட்டும், ஆறுனதும் யோசிப்போம். நீங்க மேல போங்க. அவங்க பாக்குற வரைக்கும் சொல்லுங்க. தெனமும் சொல்லுங்க."

"குதிரை இல்லாம எதக் காட்டிச் சொல்றது?"

"உங்களக் காட்டிச் சொல்லுங்க."

மறுநாள் காலை, ரோசி நிற்கிற இடத்தில், குதிரை இல்லாமல் இருதயராஜ் வந்து நின்றான். புதுக் குதிரைகள் மூன்றும் ஓரமாக நின்றன, அவற்றின் மேல் போட அன்றைக்குக் கம்பளி எதுவும் இல்லை. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். கழுத்துக்கு மேலே பார்த்துப் பழகிய ஊர், அவர்களுக்கு வேறு எங்கேயும் பார்க்கத் தெரியாது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஐப்பசியிலிருந்து கம்பளிக்கு அடியில் இருந்ததெல்லாம் இப்போது அவன் முகத்தில் இருந்தது, கண்ணில் இருந்தது, வாய் கோணியதில் இருந்தது, அதைப் பார்க்காமல் அவனைப் பார்க்க வழியில்லை. அவன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். பத்தொன்பது நாள் மழை என்று தொடங்கினான், விரலோடு வந்த முடி என்றான், ஐந்தாவது குதிரையில் கை நடுக்கம் நின்றது என்றான். டீக் கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் குடிக்கவில்லை. கடைசியில் வெள்ளைச்சாமியால்தான் தாங்க முடியவில்லை, அவர் வெடுக்கென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். திருப்பின பக்கத்தில் அவருடைய குதிரையின் முதுகு இருந்தது.